பழைய பிக்சர் டியூப் டிவியில் டிஜிட்டல் சேனல் பார்க்க, குறைந்த செலவில் என்ன வழி?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். 21 இஞ்ச் பழைய பிக்சர் டியூப் டிவி, இன்னும் நன்றாக ஓடுகிறது. மொட்டை மாடி ஆன்டெனாவில் பொதிகை மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்று போய் நாளாகிவிட்டது. புது டிவி வாங்காமல், மாதாமாதம் பணம் கட்டாமல் இதிலேயே டிஜிட்டல் சேனல் பார்க்க முடியுமா? எவ்வளவு ஆகும்?

பதில்:

முடியும். டிவியைத் திறக்க வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். ஒரு டிஷ், ஒரு செட்டாப் பாக்ஸ், கொஞ்சம் ஒயர். எல்லாம் சேர்த்து 2000 ரூபாய்க்குள் அடங்கிவிடும், அதன்பிறகு மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, "சாயங்காலம் என்னம்மா பார்க்கணும்?" என்று கேட்டுவிடுங்கள். நான் திருமங்கலத்தில் இருபது வருடத்துக்கு மேல் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். டிஷ் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தால், "தம்பி, சீரியல் எந்த நம்பர்ல வரும்?" என்று கேட்டு என்னை முழிக்க வைத்த பாட்டிகள் நிறைய பேர். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பொதிகை ஏன் நின்றது என்பதைப் பார்ப்போம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. உங்கள் பக்கத்துக்குப் படம் வந்தது கொடைக்கானல் மலை மேல் இருந்த டிரான்ஸ்மிட்டரிலிருந்து. மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு காலத்தில் எந்த வீட்டு மாடியைப் பார்த்தாலும் மீன் முள் மாதிரி இருக்கும் அந்த ஆன்டெனா கொடைக்கானலைப் பார்த்துத்தான் நிற்கும். காற்றடித்து லேசாகத் திரும்பிவிட்டால், மேலே ஒருவர் ஏறித் திருப்ப, கீழே ஒருவர் "இப்ப வருது… இல்ல போச்சு" என்று கத்த, ஞாயிற்றுக்கிழமை படம் அப்படித்தான் ஓடும். இந்தப் பழைய முறை, அதாவது அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி நாடு முழுக்கப் படிப்படியாக மூடிவிட்டது. எல்லைப் பகுதி போன்ற முக்கியமான இடங்களில் ஐம்பது வாக்கில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் 2022 மார்ச் 31-க்குள் முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். ஆக, உங்கள் ஆன்டெனாவும் கெடவில்லை, டிவியும் கெடவில்லை. பேசுகிற ஆள் போய்விட்டார், அவ்வளவுதான். ஆன்டெனாவை மாற்று, பூஸ்டர் போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பழைய டிவிக்கு டிஜிட்டல் சிக்னலை நேராகக் கொடுத்தால் ஏன் படம் வராது? சேனலைப் பிடிக்கும் அதன் டியூனருக்குத் தெரிந்த மொழி ஒன்றே ஒன்று. அலையின் ஏற்ற இறக்கமே திரையின் வெளிச்சமும் இருட்டும். டிஜிட்டலில் படத்தைச் சுருக்கி வெறும் எண்களாக அனுப்புகிறார்கள். அந்த எண்களை விரித்துப் படமாக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வேண்டும், அதுதான் செட்டாப் பாக்ஸ். டியூனரைத் தாண்டி டிவியின் மற்ற பாகத்துக்கு இதெல்லாம் கவலையே இல்லை. பின்னால் இருக்கும் மஞ்சள் ஓட்டை வழியாக முறையான வீடியோ சிக்னல் வந்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்று டிவி கேட்காது. முன்பு விசிடி பிளேயர் மாட்டிப் படம் பார்த்தோமே, அதே வேலைதான்.

அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டிவியின் பின்பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று வட்ட ஓட்டைகள் இருக்கும், இவற்றைத்தான் ஏவி என்பார்கள். சில செட்டில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும்தான், ஏனென்றால் அது ஒற்றை ஸ்பீக்கர் டிவி. சிலதில் முன்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். 2006-இலிருந்து தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி ஒன்றரைக் கோடிக்கு மேல். ஊர்ப்பக்கம் போனால் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கைக்கு வந்தவை எல்லாவற்றிலும் ஏவி ஓட்டை இருந்தது. டயனோரா, சாலிடேர் காலத்துப் பெட்டி என்றால் ஆன்டெனா ஒயர் சொருகும் ஓட்டை மட்டும்தான் இருக்கும். அதற்கும் வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். உங்களுடையது 21 இஞ்ச் என்பதால் பெரும்பாலும் ஏவி இருக்கும்.

சரி, இப்போது அம்மா கதை. மாதக் கட்டணமே இல்லாமல் சேனல் பார்க்க நம் நாட்டில் இருக்கும் ஒரே உருப்படியான வழி தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இன்றைக்கு ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. சேனல் நிறையவே உண்டு. ஆனால் பெரும்பங்கு ஹிந்தி. தமிழுக்கு நம்பி உட்காரக்கூடியது டிடி தமிழ். பொதிகைதான் அது, 2024 ஜனவரியில் பெயரும் கோலமும் மாறியது. அதோடு தூர்தர்ஷனின் மற்ற மாநில சேனல்கள், பாடம் நடத்தும் கல்விச் சேனல்கள், ஆகாசவாணியின் ரேடியோ நிலையங்கள் எல்லாம் வரும். ரேடியோவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என் பெரியம்மா காலையில் டிவியைப் போட்டு ரேடியோவைத்தான் கேட்பார். திரையில் ஒன்றும் இருக்காது, பாட்டு மட்டும் சமையலறை வரை வரும்.

சன், விஜய், ஜீ தமிழ் இதில் வராது. அதைத்தான் அம்மா கேட்கிறார் என்றால் ஃப்ரீ டிஷ்ஷுக்குச் செலவு செய்யாதீர்கள். கேபிள் பாக்ஸ்தான் வாங்க வேண்டும், மாதப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017-இல் கிடைத்தது. அந்த வருடமே ஊர் ஊராக செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த பாக்ஸில் ஏவி வெளியீடு இருப்பதால் பழைய டிவிக்கு அப்படியே பொருந்தும், மூன்று கலர் ஒயர் ஒன்றைத் தவிரத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த கணக்குப்படி கேபிளானாலும் தனியார் டிஷ்ஷானாலும் அடிப்படை மாதக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 130 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதாவது 153 ரூபாய் 40 காசு. பிறகு விதிகள் மாறின, கட்டணச் சேனல்களின் விலையும் மேலே சேரும். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒரே ஒரு முறை போடும் பணத்தை இது விழுங்கிவிடும். ஆனால் அம்மா பார்க்காத சேனலை இலவசமாகக் கொடுத்து என்ன பயன்?

டிடி தமிழ், செய்தி, பழைய பாட்டு, கொஞ்சம் ஹிந்திப் படம், கோவில் நிகழ்ச்சி போதும் என்று அம்மா சொல்லிவிட்டால் மேலே படியுங்கள்.

பாக்ஸ் வாங்கும்போது "எம்பெக்-4 ஃப்ரீ டு ஏர் பாக்ஸ்" என்று கேளுங்கள். எம்பெக்-2, எம்பெக்-4 என்று படத்தைச் சுருக்குவதில் இரண்டு முறை உண்டு. ஃப்ரீ டிஷ்ஷில் இரண்டு வகையிலும் சேனல்கள் போகின்றன. பழைய எம்பெக்-2 பாக்ஸ் முதல் வகையை மட்டும் காட்டும், எம்பெக்-4 பாக்ஸ் இரண்டையும் காட்டும். கடையில் பழைய சரக்கு விலை குறைவாகக் கிடக்கும். நூறு, இருநூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு அதை வாங்காதீர்கள். இன்னொன்று: பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். ஏவி வெளியீடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். நாளைக்குப் புது டிவி வந்தால் உதவும் என்பதால் இரண்டும் இருப்பதே நல்லது. பாக்ஸ் 700-இலிருந்து 1200 வரை, டிஷ்ஷும் எல்என்பியும் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் சின்னக் கருவி) 500 வாக்கில், ஒயர், மாட்டும் கூலி தனி. ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் மாறும்.

அதற்கும் முன், உங்கள் மாடியையோ பக்கத்து வீட்டு மாடியையோ ஒரு சுற்றுப் பாருங்கள். எப்போதோ மாட்டி, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சன் டைரக்ட் டிஷ் ஏதாவது கிடக்கிறதா? சன் டைரக்டும் ஜிசாட்-15-ஐப் பயன்படுத்துகிறது. அதனால் அந்த டிஷ் ஏற்கெனவே ஏறக்குறைய சரியான திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் ஒயரை எடுத்து புது பாக்ஸில் சொருகினால் பல நேரம் அப்படியே பிடித்துவிடும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு டிகிரி திருப்பினால் போதும். டிஷ் செலவு மிச்சம். என் அனுபவத்தில் கிராமங்களில் பாதி வேலை இப்படியே முடிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருடைய டிஷ் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள், ஊரில் அதற்குச் சண்டை வந்த கதையும் எனக்குத் தெரியும்.

புதிதாக டிஷ் மாட்டுவதாக இருந்தால்தான் உண்மையான வேலை. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. உசிலம்பட்டியிலிருந்து பார்த்தால், வடக்கிலிருந்து கடிகார முள் போகிற திசையில் சுமார் 122 டிகிரி. தென்கிழக்கு என்று சொல்லிவிடலாம், அதிலும் கிழக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. சென்னையில் 134 டிகிரி, கன்னியாகுமரியில் 116 என்று ஊருக்கு ஊர் மாறும். போனில் இருக்கும் திசைகாட்டியே இதற்குப் போதும், இரும்புக் குழாய் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்தால் சரி. வேடிக்கை என்னவென்றால், உங்கள் பழைய ஆன்டெனா வடமேற்கில் கொடைக்கானலைப் பார்த்து நிற்கிறது இல்லையா, புது டிஷ் கிட்டத்தட்ட அதற்கு நேர் முதுகுப் பக்கம் பார்க்கும். ஆன்டெனாவின் வால் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் டிஷ்ஷின் முகத்தை வைத்துத் தொடங்குங்கள்.

ஏற்றக் கோணம் சுமார் 68 டிகிரி. அதாவது செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே பாதிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஆனால் இந்தச் சின்ன டிஷ்கள் எல்லாம் எல்என்பியை நடுவில் வைக்காமல் கீழே கையில் தாங்குகிற வகை. அதனால் தட்டு பார்வைக்கு அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது, பாதி வானத்தைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். "68 என்றீர்களே, இது 45 கூட இல்லையே" என்று குழம்ப வேண்டாம். பிராக்கெட்டில் பொறித்திருக்கும் எண்ணை நம்புங்கள். அந்த எண் சரியாக இருக்க ஒரே நிபந்தனை, டிஷ்ஷைத் தாங்கும் குழாய் நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் மட்டப் பலகையை வாங்கி இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துவிடுங்கள். குழாய் சாய்ந்திருந்தால் அப்புறம் எவ்வளவு திருப்பினாலும் பொழுது போகுமே தவிர சிக்னல் வராது.

திசைக்கு எதிரே தென்னை மரம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி எதுவும் இருக்கக் கூடாது. இதற்கு ஒரு இலவச சோதனை உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணியை ஒட்டிச் சூரியன் ஏறக்குறைய அந்தச் செயற்கைக்கோளின் நேருக்கே வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் மாட்டப்போகும் இடத்தில் வெயில் விழுந்தால் இடம் சரி, மரத்தின் நிழல் விழுந்தால் வேறு இடம் பாருங்கள். மாட்டி முடித்த பிறகும் அதே நாட்களில் அதே நேரம் சில நிமிடம் படம் போய்ப் போய் வரும். சூரியனின் இரைச்சல் செயற்கைக்கோளின் குரலை மூழ்கடிப்பதால் வருவது அது. யாரையும் கூப்பிட வேண்டாம், கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகும்.

இப்போது டிவியையும் பாக்ஸையும் மாடிக்கே கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கீழே ஒருவர் திரையைப் பார்த்து போனில் சொல்ல வேண்டும். பாக்ஸ் மெனுவில் எல்என்பி வகையை யுனிவர்சல், 9750/10600 என்று வையுங்கள். 11090 அலைவரிசை, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று போட்டால் திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று சிக்னல் பலம், இன்னொன்று தரம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவார்கள். பலம் என்பது எல்என்பிக்குக் கரண்ட் போகிறது, ஒயர் சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்லாது, வெறும் வானத்தைப் பார்த்தாலும் 70, 80 காட்டும். நாம் தேட வேண்டியது தரம். அது பூஜ்யத்திலேயே கிடக்கும், கிடக்கும், திடீரென்று எழும். அதனால் டிஷ்ஷை ஒரு நூல் அளவு திருப்பி, மூன்று நொடி நிறுத்தி, பிறகு அடுத்த நூல். அனலாக் ஆன்டெனா மாதிரி சர்ரென்று சுற்றினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அந்தக் காலத்தில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரிந்து, நெருங்கிவிட்டோம் என்று புரியும். டிஜிட்டலில் அந்தத் தயவு கிடையாது. தரம் ஏறியதும் எல்என்பியை அதன் பிடிக்குள் லேசாக இடமும் வலமும் சுழற்றிப் பாருங்கள், இன்னும் ஐந்து பத்து ஏறும். உச்சத்தில் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே நகர்ந்துவிடும், ஒரு கண் திரையில் இருக்கட்டும்.

ஒயர் முனையில் மாட்டும் திருகு பின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒயரின் மேல்தோலைச் சீவினால் வலை மாதிரி மெல்லிய கம்பிகள் இருக்கும், அதற்குள் வெள்ளை உறை, அதன் நடுவே ஒற்றைக் கம்பி. வலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டுத்தான் பின்னைத் திருக வேண்டும். வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். பாக்ஸ் அந்த ஒயர் வழியாகவே எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது, ஷார்ட் ஆனால் பாக்ஸே போய்விடலாம். பாக்ஸை நிறுத்திவிட்டுத்தான் ஒயரைக் கழற்றவும் மாட்டவும் வேண்டும். என் கடையில் வேலை பார்த்த பையன் ஒரே மாதத்தில் இரண்டு பாக்ஸை இப்படிப் பலி கொடுத்தான். இரண்டுக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

கீழே வந்து டிவியில் மாட்டும்போது பெரும்பாலும் வரும் சிக்கல் ஒன்றுதான், படம் இல்லாமல் "உர்ர்" என்ற சத்தம் மட்டும் வரும். சின்ன பாக்ஸ்களில் மூன்று தனி ஓட்டைகளுக்குப் பதிலாக ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கும். அதில் ஒரு முனையும், மூன்று கலர் பின்கள் மறுமுனையும் உள்ள ஒயர் வரும். இந்த ஒயர்களை எல்லாரும் ஒரே வரிசையில் செய்வதில்லை. கலரைப் பார்த்துச் சரியாகத்தான் மாட்டியிருப்பீர்கள், ஆனால் படம் சிவப்புப் பின்னில் வந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் வேறொன்றும் இல்லை, ஆடியோ ஓட்டைக்குள் போன படம்தான். டிவியின் மஞ்சள் ஓட்டையில் மூன்று பின்னையும் ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள், ஏதோ ஒன்றில் படம் வரும். மிச்சம் இரண்டும் ஆடியோ. இதற்காக பாக்ஸை மாற்றச் சொல்லிக் கடைக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கிறது என்றால் மெனுவில் டிவி வகை என்டிஎஸ்சி என்று இருக்கும். அதைப் பால் என்று மாற்றுங்கள். (பசும்பால் இல்லை, நம் நாட்டு அனலாக் முறையின் பெயரே அதுதான். 625 வரி, நொடிக்கு 25 படம்.) ரெசல்யூஷன் 576ஐ என்று வைத்துவிடுங்கள். சில பாக்ஸ்களில் 1080 என்று வைத்தால் ஏவியில் படமே வராது. திரை வடிவம் 4:3. லெட்டர்பாக்ஸ் என்று வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், ஆனால் படம் முழுதாகத் தெரியும். பட்டை பிடிக்கவில்லை என்று முழுத்திரைக்கு மாற்றினால் ஆட்கள் எல்லாம் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார்கள், அல்லது ஓரம் வெட்டுப்பட்டு செய்தி ஓடும் வரியில் பாதி காணாமல் போகும். அம்மாவிடம் இரண்டையும் காட்டி அவரையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் முகம் பெரிதாகத் தெரிகிற பக்கம்தான் ஓட்டு விழும்.

ஏவி ஓட்டையே இல்லாத பழம்பெட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: ஆர்எஃப் மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும். ஒரு பக்கம் மஞ்சளும் வெள்ளையும் உள்ளே போகும், மறுபக்கம் பழைய டிவி சேனல் மாதிரி வெளியே வரும். அதை ஆன்டெனா ஓட்டையில் சொருகி டிவியில் சேனல் தேட வேண்டும். ரொம்பப் பழைய செட்டில் 2 முதல் 12 வரைதான் இருக்கும். மாடுலேட்டர் அதற்கு மேல் யுஎச்எஃப்-இல் மட்டும் அனுப்புகிற வகை என்றால் பிடிக்காது, கேட்டு வாங்குங்கள். பரணில் பழைய வீடியோ கேசட் டெக் கிடந்தால் இந்தச் செலவும் வேண்டாம். கேசட் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கரண்ட் ஏறினால் போதும். பாக்ஸின் ஏவியை டெக்கின் உள்ளீட்டில் கொடுத்து, டெக்கின் ஆர்எஃப் வெளியீட்டை டிவிக்குக் கொடுங்கள். டெக்குக்குள்ளேயே மாடுலேட்டர் இருக்கிறது. கல்யாண கேசட் பார்க்க வாங்கியது இப்படியாவது உழைக்கட்டும்.

சென்னைவாசிகள் சிலர், ஆன்டெனாவிலேயே டிஜிட்டல் வருகிறதாமே என்று கேட்பதுண்டு. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 முறையில் தரைவழி டிஜிட்டலைத் தொடங்கியது உண்மைதான். ஆனால் அதில் வருவது தூர்தர்ஷனின் சொந்த சேனல்கள் ஐந்தோ என்னவோ. அதற்கான பாக்ஸ் நம் ஊர்க் கடைகளில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். உசிலம்பட்டிக்கு அது எட்டவே எட்டாது. மறந்துவிடுங்கள்.

வீட்டில் வைஃபை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இணையத்திலிருந்து படம் காட்டும் எச்டிஎம்ஐ ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐ-இலிருந்து ஏவிக்கு மாற்றும் டப்பா வழியாக மாட்டலாம். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல யூடியூபில் நேரலையாக இலவசமாகவே வருகின்றன. டப்பா 300, 400 ரூபாய்தான், ஆனால் வாங்கும்போது திசையைப் பாருங்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் டப்பாவும் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், அது நமக்கு உதவாது. அந்த டப்பாவுக்கு 5 வோல்ட் கரண்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய டிவியில் ஸ்டிக்கின் மெனு எழுத்துகள் எறும்பு மாதிரி தெரியும் என்பதால் வயதானவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

இவ்வளவு செய்வது பழைய டிவிக்குத் தகுமா? டியூப் நன்றாக இருக்கும் வரை தகும். போட்டவுடன் படம் வராமல் ஐந்து நிமிடம் கழித்து மங்கலாக எழுகிறது, முகமெல்லாம் ஒரே நிறமாகத் தெரிகிறது என்றால் டியூப் களைத்துவிட்டது, ரிப்பேருக்குக் காசு போடாதீர்கள். அப்போது ஒரு சின்ன எல்இடி டிவியை வாங்கி இதே பாக்ஸை அதில் மாட்டிக்கொள்ளலாம், டிஷ் செலவு வீணாகாது. 21 இஞ்ச் டியூப் டிவி சுமார் 80 வாட் இழுக்கும். தினம் ஐந்து மணி நேரம் என்றால் மாதம் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 24. நூறு யூனிட் இலவசத்துக்குள் அம்மாவின் மற்ற செலவும் அடங்கினால் அதுவும் கணக்கில் வராது. எந்த நிலையிலும் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் மேல் இருக்கும் அந்த ரப்பர் மூடிக்கடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடத்தை ஏலத்தில் விடுகிறார்கள். அதனால் ஏப்ரல் வாக்கில் சில சேனல்கள் போகும், சில வரும். ஊருக்குப் போகும்போது ஒருமுறை ஆட்டோ ஸ்கேன் கொடுத்துவிட்டு வாருங்கள். ரீசார்ஜ், ஆக்டிவேஷன் என்று யாராவது வந்தோ போன் செய்தோ பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள், இதில் அப்படி ஒன்றே கிடையாது. கனமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், மழை விட்டதும் வரும்.

கடைசியாக ரிமோட். இனி வீட்டில் இரண்டு ரிமோட் இருக்கும். டிவி ரிமோட்டில் தெரியாமல் சேனல் பட்டனை அழுத்திவிட்டால் டிவி ஏவியிலிருந்து வெளியே வந்து நீலத் திரை காட்டும். "டிவி போச்சுடா" என்று உங்களுக்கு போன் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும். டிவி ரிமோட்டில் ஏவி பட்டனை அழுத்தினால் திரும்பி வரும், சில செட்டில் 0 அழுத்த வேண்டும். நான் செய்வது இது: டிவியில் சத்தத்தை நடுத்தரமாக வைத்து, டிவி ரிமோட்டில் ஆன்-ஆஃப் பட்டனையும் ஏவி பட்டனையும் மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின் மேலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவேன். சத்தம், சேனல் எல்லாம் பாக்ஸ் ரிமோட்டிலேயே. டிடி தமிழ் எந்த எண்ணில் வருகிறது என்று ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக ஒரு அட்டையில் எழுதி, டிவிக்குப் பக்கத்தில் காலண்டருக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். ஸ்கேன் செய்யும்போது எண் மாறினால் அட்டையையும் மாற்ற மறக்காதீர்கள்.